பிணியாளரைப் பேணுதல்: நூல்கள் கற்பிக்கும் பாடம்

இம்முறை நமது பாடத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள், பிணியாளரைப் பேணுதல் என்பதாகும். இப்பொருள் குறித்து உலகில் தோன்றியுள்ள நூல்கள் பல. அவற்றுள் சில, சங்க ஒழுக்கத்தை வகுக்கும் நூல்கள். சில, இல்லத்தார்க்கும் செவிலியர்க்கும் வழிகாட்டும் கைந்நூல்கள். வேறு சில, யானையும் சிங்கமும் மரங்கொத்தியும் பேசும் கதை நூல்கள். காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட இவற்றை அருகருகே வைத்துப் படிக்குங்கால், மூன்று வினாக்கள் திரும்பத் திரும்ப எழக் காண்கிறோம். எவரைப் பேணுதல் வேண்டும்? எவ்வாறு பேணுதல் வேண்டும்? அப்பொறுப்பு எவருடையது?

இவை ஏட்டளவில் நின்றுவிடும் வினாக்கள் அல்ல. பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கும் தந்தை, புற்றுநோயால் வருந்தும் தமக்கை, நினைவு தடுமாறிய பாட்டி என இத்தகையோர் ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. அவர்களைப் பேணும் சுமை பெரும்பாலும் ஒரு மகளின் மீதோ மருமகளின் மீதோ விழுகிறது. ஏனையோர் இரண்டு இரக்கச் சொற்களைச் சொல்லிவிட்டு அகன்று விடுகின்றனர். ஆதலின் இந்நூல்களை நாம் பொழுதுபோக்கிற்காகப் படிக்கவில்லை. நம் இல்லத்து நடைமுறையை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே படிக்கிறோம்.

1. எவரைப் பேணுதல் வேண்டும்?

வினயபிடகத்து மகாவக்கத்தில், சீவர ஆடைகளைப் பற்றிய எட்டாம் பகுதியில், ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. பகவன் புத்தர் ஆனந்தருடன் பிக்குகளின் உறைவிடங்களைப் பார்வையிட்டு வருகையில், வயிற்றுக் கழிச்சலால் வாடிய பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே வீழ்ந்து கிடக்கக் கண்டார். உற்ற நோய் யாதென்று வினவினார். பணிவிடை செய்வார் எவரேனும் உளரோ என்றும் வினவினார். எவருமில்லை என்று விடை வந்தது. காரணம் கேட்டபோது அப்பிக்கு கூறிய விடைதான் இந்நிகழ்ச்சியின் உயிர். தாம் ஏனைய பிக்குகளுக்கு எவ்வகையிலும் பயன்பட்டதில்லை என்றும், அதனாலேயே அவர்கள் தம்மைக் கவனிக்கவில்லை என்றும் அவர் கூறினார்.

இவ்விடையில் உலகத்தின் பொதுநியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பயன்பட்டவனுக்கே பயன், கொடுத்தவனுக்கே கொடை, உழைத்து ஈட்டியவனுக்கே முதுமையில் கஞ்சி. நோயில் கிடப்பவரே அந்நியாயத்தை ஏற்றுக்கொண்டு, தமக்கு உரிமையில்லை என்று எண்ணுமளவிற்கு அது வேரூன்றியிருக்கிறது. பகவர் இதனைச் சொல்லால் மறுக்கத் தொடங்கவில்லை. ஆனந்தரை நீர் கொணரச் செய்தார். பகவர் நீரை ஊற்ற, ஆனந்தர் அவ்வுடலைக் கழுவினார். பின்னர்த் தலைப்பக்கத்தைப் பகவரும் காற்பக்கத்தை ஆனந்தரும் பற்றித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். அதன் பிறகே சங்கம் கூட்டப்பட்டது. அதன் பிறகே அறிவுரை பிறந்தது. பெற்றோரை விட்டு வந்தோராகிய பிக்குகள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறெவர் பேணுவார் என்று வினவிய பகவர், தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் பிணியாளருக்குத் தொண்டு செய்க என்று பணித்தார். முதலில் செயல், பிறகு சொல் என்னும் இவ்வொழுங்கைப் படிப்போர் கருத்தில் கொள்ளவேண்டும்.

தமிழில் தோன்றிய பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையும் இதே வினாவிற்கு விடை தருகிறது. பிறந்தவுடன் கைவிடப்பட்ட ஆபுத்திரனை ஏழு நாட்கள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. வேள்விக்காகக் கட்டப்பட்ட பசுவொன்றை அவன் மீட்டமைக்காக, அவனது பிறப்பை இகழ்ந்து ஊரார் துரத்தினர். மதுரையை அடைந்து இரந்து உண்ட அவன், கண்ணிழந்தோர், செவியிழந்தோர், கால் முடங்கியோர், நோயால் நடுங்குவோர் ஆகியோரை அழைத்து முதலில் உண்பித்தான். அவர்கள் உண்டு எஞ்சியதையே தான் உண்டான். அப்பட்டியலில், பேணுவாரற்றவர்களையும் ஒரு தனி வகையினராகச் சாத்தனார் எண்ணியிருப்பது கருதத்தக்கது. நோயில்லாதிருந்தும் பேணுவாரின்மையே ஒரு துன்பமாகலாம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

குணமாகாத நோயாளரைப் பேணுவதால் யாது பயன் என்று கேட்போரும் உளர். அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் தொகுதியில் இதற்கும் விடை உண்டு. நோயாளர் மூவகையினர் என அங்குக் கூறப்படுகிறது. ஒரு வகையினர், தக்க உணவும் மருந்தும் பணிவிடையும் கிடைப்பினும் கிடையாவிடினும் குணமடையார். மற்றொரு வகையினர், அவை கிடையாவிடினும் குணமடைவர். மூன்றாம் வகையினரோ, அவை கிடைத்தால் மட்டுமே குணமடைவர். இம்மூன்றாம் வகையினரை முன்னிட்டே உணவும் மருந்தும் பணிவிடையும் விதிக்கப்பட்டன. அவர்பொருட்டு ஏனைய இருவகையினரும் பேணப்படல் வேண்டும் என்பது முடிவு. படுக்கையருகே நிற்கும்போது இவர் எவ்வகையினர் என்று நம்மால் உறுதியாகக் கூறவியலாது. ஆகவே தேவையைப் பார்த்தே பணி செய்கிறோம்; பலனைக் கணக்கிட்டன்று.

2. எவ்வாறு பேணுதல் வேண்டும்?

கருணை இருந்தால் போதும், ஏனையவை தாமே அமையும் என்று பலர் கருதுகின்றனர். மகாவக்கம் அவ்வாறு கருதவில்லை. பேணுவோர்க்கு வேண்டிய தகுதிகளாக அது ஐந்தினை எண்ணிக் கூறுகிறது. மருந்தை ஆயத்தம் செய்து தரும் திறன் வேண்டும். நோயாளிக்கு ஏற்றது இது, ஏலாதது இது என அறிந்து, ஏற்றதைக் கொணர்ந்து ஏலாததை அகற்ற வேண்டும். ஊதியம் கருதாது அன்பு கருதிச் செய்தல் வேண்டும். மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருப்புக் கொள்ளாதிருத்தல் வேண்டும். உரிய வேளையில் அறவுரை பகர்ந்து நோயாளியின் உள்ளத்தை மகிழ்விக்கவும் வேண்டும். இவ்வைந்தனுள் அன்பு ஒன்றே ஒன்று. ஏனையவை பழகிக் கற்கவேண்டிய திறன்கள்.

நான்காவது தகுதியை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அழுக்கை அகற்றுவோரை இழிந்தோர் என ஒதுக்கிவைத்த வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலம் நிலவியது. சட்டங்கள் அதனைத் தடுத்த பின்னரும் பல உள்ளங்களிலிருந்து அது அகலவில்லை. மலத்தைத் தொட்டவன் தாழ்ந்தான் என்பது அவ்வழக்கத்தின் கொள்கை. மகாவக்கமோ, மலத்தை அருவருப்பின்றி அகற்றும் ஆற்றலைப் பேணுவோரின் சிறப்புகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆசானே தம் கையால் நீரூற்றிய பிறகு அப்பணியை இழிதொழில் என்று கூற எவருக்கு நாவெழும்? இன்றும் மருத்துவமனைகளில் படுக்கை மாற்றும் ஊழியரை ஒருமையில் விளித்து, மருத்துவரைக் கைகூப்பி வணங்குவோரைக் காண்கிறோம். இரண்டும் ஒரே நோயாளியின் பொருட்டுச் செய்யப்படும் பணிகளே.

அந்நூல் நோயாளிக்கும் கடமைகளை வகுக்கிறது. தமக்கு நன்மையானதையே செய்தல், நன்மையானதிலும் அளவறிதல், மருந்து உண்ணல், நோய் மிகுகிறதா தணிகிறதா அவ்வாறே நிற்கிறதா என்பதைப் பேணுவோரிடம் மறையாது கூறல், உடல் வேதனையைப் பொறுத்தல் என்பன அவை. இக்கடமைகளைத் தவறும் நோயாளியைப் பேணுவது கடினம் என நூல் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. நோயாளி எதைச் செய்யினும் பேணுவோர் வாய்திறவாது பொறுக்கவேண்டும் என்று அது கூறவில்லை என்பதையும் இங்கு அறியலாம்.

இனி, பல நூற்றாண்டுகள் கடந்து இங்கிலாந்திற்குச் செல்வோம். 1854ஆம் ஆண்டில் கிரிமியப் போரின்போது துருக்கியின் ஸ்குட்டாரி மருத்துவமனையில் பணியாற்றிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859ஆம் ஆண்டின் இறுதியில் செவிலியப் பணி பற்றிய குறிப்புகள் அடங்கிய சிறுநூலை வெளியிட்டார். அது செவிலியர்க்கான பாடநூலன்று. இல்லத்தில் பிறர் உடல்நலத்தைக் காக்கும் பொறுப்புடைய பெண்களுக்காக எழுதப்பட்டது. தூய காற்று, வெளிச்சம், ஓசையின்மை, படுக்கை, உணவு, உடற்றூய்மை என்று ஒவ்வொன்றையும் அது தனித்தனியே ஆராய்கிறது. நோயாளியின் முன் உணவு இருந்தும், அதனை அவர் எவ்வேளையில் எவ்வாறு உண்ணக்கூடும் என்று கவனிப்பாரின்மையால் பட்டினி கிடப்போர் பலர் என அம்மையார் எச்சரிக்கிறார். காண வருவோர் நோயின் தன்மையறியாது பொழியும் பொய்யான நம்பிக்கைச் சொற்களும் அறிவுரைகளும் நோயாளியைக் களைப்படையச் செய்யும் என்று ஓர் அதிகாரமே வரைந்துள்ளார். நெடுநாள் நோயாளர்க்குச் சிறிய வளர்ப்புப் பிராணி நல்ல துணையாகும் என்றும் அந்நூலில் குறித்துள்ளார்.

ஏற்றதும் ஏலாததும் அறிதல் என்று மகாவக்கம் கூறியதையும், நோயாளியை உற்று நோக்குதல் என்று நைட்டிங்கேல் கூறியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நெஞ்சில் ஊறும் இரக்கம், கண்ணில் விழிப்பாகவும் கையில் பழக்கமாகவும் மாறினாலன்றி நோயாளிக்குப் பயன்படாது என்பதே இரு நூல்களின் கருத்துமாகும்.

3. பொறுப்பு எவருடையது?

கழிச்சலால் வருந்திய பிக்குவின் நிகழ்ச்சிக்குப் பின்னர், பொறுப்பின் வரிசை வகுக்கப்பட்டது. உபாத்தியாயர் உளராயின் அவர், நோய் தீருமளவும் பேணவேண்டும். அவரில்லையேல் ஆசாரியர், அவருமில்லையேல் மாணாக்கர், அவரும் இல்லையேல் ஒரே குருவிடம் பயின்ற தோழர். இவருள் எவருமில்லாத நிலையில் சங்கம் முழுவதுமே பேணவேண்டும். பேணாவிடில் அது குற்றமாகும். ஆசிரியர் மாணவரைப் பேணுவதும் மாணவர் ஆசிரியரைப் பேணுவதும் இவ்வரிசையில் ஒருங்கே அமைந்திருப்பதைக் காண்க. உயர்ந்தவர் கிடக்கத் தாழ்ந்தவர் உழைப்பது என்னும் ஒருவழிப் பாதை இங்கில்லை.

அடுத்து வரும் விதி இன்னும் நுட்பமானது. இறந்த பிக்குவின் உடைமைக்கு உரியது சங்கமே. எனினும் நோய்க்காலத்தில் பணிவிடை செய்தோர் பேருதவி புரிந்தவராதலின், இறந்தவரின் சீவரமும் பாத்திரமும் அவர்களுக்கு அளிக்கப்படலாம் என விதிக்கப்பட்டது. ஒரு பிக்குவுடன் சாமணேரர் ஒருவரும் சேர்ந்து பேணியிருப்பின், இளையவராகிய அவருக்கும் சமபங்கு உண்டு. பேணுதல் பற்றிய விதிகள் சீவரப் பகுதியில் இடம்பெற்றதன் தொடர்பு இதனால் விளங்கும். ஊதியம் கருதிப் பேணலாகாது என்ற அதே நூல், பேணியவரை வெறுங்கையராக விட்டுவிடலாகாது என்றும் காண்கிறது. பத்தாண்டுகள் தாயைப் பேணிய மகளுக்குப் பங்கு பிரிக்கும் நாளில் பெயரே இல்லாமற்போகும் குடும்பங்கள் இவ்விதியைப் படித்தல் நன்று.

பேணுவோர் தம்மையே அழித்துக்கொள்ள வேண்டும் என்பதும் தம்மத்தின் கருத்தன்று. மகாவக்கத்தின் மருந்துப் பகுதியில் சுப்பியை என்னும் உபாசிகையின் வரலாறு வருகிறது. பேதி மருந்து உண்ட பிக்கு ஒருவருக்கு இறைச்சிச் சாறு தருவதாக அவ்வம்மையார் வாக்களித்தார். அன்று காசியில் இறைச்சி கிட்டவில்லை. வாக்குத் தவறலாகாதென்று தம் தொடைச் சதையையே அரிந்து சமைப்பித்தார். இதனையறிந்த பகவர், அளித்தது யாதென வினவாமலே உண்ட பிக்குவைக் கடிந்தார். மனிதத் தசையை உண்ணலாகாது என்று விதித்தார். நம்பிக்கையுடையோர் தம் உடலையும் கொடுத்துவிடுவர்; ஆகவே பெறுவோர்தாம் வரம்பறிந்து பெறவேண்டும் என்பது நாம் இதிலிருந்து கொள்ளும் பொருள். உறக்கமும் உணவும் இழந்து பேணுபவளைத் தியாகி என்று புகழ்ந்துவிட்டு, மாற்றாள் அனுப்பாத சுற்றத்தாரும் வினவாமல் உண்டவர்களே ஆவர்.

சுற்றம் இல்லாவிடத்துச் சமூகம் பேணவேண்டும் என்னும் கொள்கை நம் காலத்திலும் செயலாகியிருக்கிறது. 1967ஆம் ஆண்டு லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம், சாவை நெருங்கிய நோயாளரின் உடல்வலியோடு மனவலியையும் குடும்பக் கவலையையும் சேர்த்துத் தணிக்கும் முறைக்கு வழிகாட்டியது. 1993ஆம் ஆண்டு கேரளத்துக் கோழிக்கோட்டில் வலி தணிப்புப் பராமரிப்புச் சங்கம் தொடங்கப்பெற்றது. பின்னர் அம்மாநிலத்தின் பல ஊர்களிலும் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்போரின் இல்லங்களுக்குச் செவிலியருடன் சென்று பேணலாயினர். 2008ஆம் ஆண்டு கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. பொருள் படைத்தோர் மட்டும் செய்யக்கூடியது இது என்று எவரும் கூறவியலாது. கூலித் தொழிலாளரும் மாணவரும் இதில் பங்கு கொண்டனர்.

4. விலங்குகள் கூறும் பாடம்

இப்பாடத்தைச் சிறுவர்க்கு எவ்வாறு கற்பிப்பது? விதிகளை ஓதினால் அவர்கள் உறங்கிவிடுவர். ஆகவே முன்னோர் விலங்குகளைப் பேசவைத்தனர். ஜாதகக் கதைகள் 547இல் இவ்வகையின பல உண்டு.

மாதுபோசக ஜாதகத்தில் ஒரு வெள்ளை யானை கண்ணிழந்த தன் தாயைப் பேணுகிறது. முதலில் அது கனிகளைப் பிற யானைகள் வழியே அனுப்பியது. அவையோ வழியிலேயே தின்றுவிட்டன. இதனை அறிந்த மகன் கூட்டத்தை விட்டு நீங்கித் தாயை ஒரு மலைக்குகைக்கு அழைத்துச்சென்று தானே ஊட்டத் தொடங்கியது. பின்னர்க் காசி மன்னனிடம் சிறைப்பட்டபோது உணவு கொள்ள மறுத்தது. காரணமறிந்த மன்னன் அதனை விடுவித்தான். குகைக்குத் திரும்பிய மகன் குளத்து நீரைத் துதிக்கையால் தாயின்மேல் தெளித்தது. கண் தெரியாத தாயோ, காலமல்லாக் காலத்தில் மழை பெய்கிறதென்று எண்ணி வானத்தை வைதது! முதியோரைப் பேணி அவர்தம் வசவையும் வாங்கிக்கொள்ளும் எவரும் இவ்விடத்தில் புன்னகை செய்வர். அது வெறுப்பால் எழுந்த வசவன்று. மகனைக் காணாத துயரால் எழுந்தது.

அலீனசித்த ஜாதகத்தில், காலில் முள்மரச் சிம்பு தைத்துச் சீழ்பிடித்த யானையொன்று தச்சர்களை நாடி வருகிறது. அவர்கள் சிம்பைச் சுற்றிக் கீறி, கயிறு கட்டி இழுத்தெடுத்து, சீழை வெளியேற்றி, வெந்நீரால் கழுவி மருந்திடுகின்றனர். கதை எனினும் சிகிச்சையின் ஒழுங்கு தவறவில்லை. ஜவசகுண ஜாதகத்தில் மரங்கொத்தி, சிங்கத்தின் தொண்டையில் சிக்கிய எலும்பை எடுக்கப் புகுமுன், அதன் தாடைகள் மூடாதவாறு ஒரு கோலை நிறுத்தி வைக்கிறது. உதவிக்குச் செல்வோர் தம் காப்பையும் கருதவேண்டும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ? தொற்றுநோயாளியிடம் செல்கையில் முகக்கவசம் அணிவதும் அக்கோலை நிறுத்துவதும் ஒன்றே. பின்னாளில் அச்சிங்கம் நன்றி பாராட்டவில்லை. மரங்கொத்தியும் சினங்கொள்ளாது பறந்து சென்றது.

மேலைநாட்டிலும் இத்தகைய கதைகள் உண்டு. முதல் உலகப்போரில் போர்முனையில் இருந்த ஹியூ லாஃப்டிங் என்பார், காயமுற்ற குதிரைகளுக்கு மனிதர்க்குரிய சிகிச்சை கிடைக்காமையைக் கண்டு வருந்தினார். விலங்குகளின் மொழி அறிந்த மருத்துவர் ஒருவரைக் கற்பித்துத் தம் குழந்தைகளுக்குக் கடிதங்களில் கதை எழுதினார். 1920ஆம் ஆண்டில் அது டாக்டர் டூலிட்டிலின் கதை என நூலாயிற்று. இருதலை கொண்ட கற்பனை விலங்கும் அதில் உண்டு. குரங்குகளிடையே கொள்ளைநோய் பரவ, மருத்துவர் ஏனைய விலங்குகளைத் துணைக்கு அழைக்கிறார். விலங்கரசனாகிய தான் அழுக்குக் குரங்குகளுக்குப் பணிவிடை செய்வதா என்று சிங்கம் மறுக்கிறது. வீடு திரும்பினால் அதன் குட்டியே நோயுற்றிருக்கிறது! மனைவியின் கண்டனத்தைக் கேட்டபின் சிங்கம் பணிக்கு வந்து சேர்கிறது.

இந்நூலைப் பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். விலங்குகளிடம் இத்துணைக் கனிவு காட்டிய அதே நூலில், கறுப்பின மக்களை இழிவாகச் சித்தரித்த பகுதிகள் இருந்தன. 1988ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை நீக்கவும் திருத்தவும் பெற்றன. விலங்கிற்கு இரங்கும் நெஞ்சில் மனிதனை வெறுக்கவும் இடமிருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. பசுவிற்குத் தண்ணீர் வைத்து அயலானுக்குத் தண்ணீர் மறுத்த ஊர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. கருணை எங்கே நின்றுவிடுகிறது என்பதை ஒவ்வொரு நூலிலும் தேடிப் பார்ப்பது நம் வாசிப்பின் கடமையாகும்.

5. சிந்தனைக்கும் செயலுக்கும்

உபாசக உபாசிகையர் இப்பாடத்தைக் கூட்டமாக இருந்து படித்து, கீழ்க்காணும் வினாக்களை ஆராய்வாராக.

முதலாவது: நம் தெருவில் நெடுநாள் நோயாளர் எத்தனை பேர்? அவர்களைப் பேணுவோர் யாவர்? அப்பேணுவோர் கடைசியாக ஓரிரவு முழுவதும் உறங்கியது என்று?

இரண்டாவது: பேணுவோர்க்குரிய ஐந்து தகுதிகளுள் நம்மிடம் உள்ளவை எவை, கற்கவேண்டியவை எவை? படுக்கைப்புண் வராதவாறு நோயாளியைப் புரட்டிக் கிடத்தும் முறையைச் செவிலியர் ஒருவரை அழைத்து நாம் அனைவரும், குறிப்பாக ஆடவர், கற்றுக்கொள்ளலாகாதா?

மூன்றாவது: எவருக்கும் பயன்பட்டதில்லை என்று நாம் கருதி ஒதுக்கிய ஒருவர், குடிப்பழக்கத்தாலோ கடுஞ்சொல்லாலோ சுற்றத்தை இழந்த ஒருவர், இன்று நோயில் கிடக்கிறாரா? அவர் வாயிலுக்கு முதலில் செல்பவர் யார்?

மூன்றாம் வினாவிற்கு விடையாக ஒரு பெயரையும் ஒரு கிழமையையும் குறித்துக்கொண்ட பின்னரே கூட்டம் கலைதல் வேண்டும். செல்லும்போது வெறுங்கையுடன் செல்லாது, ஒரு குடம் வெந்நீரும் துவைத்த துணியும் கொண்டு செல்க.